பாயும் முன் பார்: ஆன்லைன் ஆட்டத்தில் ரோக் ஆடப் பழகுபவர்களுக்கு

போன கோடை விடுமுறையில் கோபியில் இருந்து அக்கா மகன் வந்திருந்தான். வந்த அன்றைக்கே என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரோக் (மறைந்து நின்று தாக்கும் ஆள்) ஒன்றை உருவாக்கி ஆட ஆரம்பித்துவிட்டான். பொழுதோடு நான் திருப்பூரில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. “மாமா, நான் அடிக்கறதுக்குள்ளயே செத்துப் போறனுங்க. இந்த ஆளு சரியில்லீங்க, வேற மாத்திக்கட்டுமா?” என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தேன். ஆளில் குறையில்லை. எதிரியைக் கண்டதும் நேராக ஓடிப்போய் அடித்துக்கொண்டிருந்தான். இரும்புக் கவசம் போட்ட வாரியர் அப்படி ஓடலாம், ரோக் ஓடக்கூடாது. ரோக்குக்குத் தோல் கவசம்தான். தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் மந்திரமும் கிடையாது. அதற்குப் பதிலாக அந்த கிளாஸுக்கு, அதாவது அந்த வகை ஆளுக்கு, கிடைத்திருப்பது ஒரே ஒரு வசதி: சண்டை எப்போது, எங்கே, யாரோடு என்பதை முடிவு செய்வது நீங்கள். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் ஆடினால் ரோக்கைப் போல பலவீனமான ஆள் ஆட்டத்திலேயே இல்லை.

அவனுக்கு அந்த மாதம் முழுவதும் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் இருந்து. மூல ஆட்டம் 2004-இல் வந்தது, அதன் பழைய வடிவத்தையே 2019-இல் கிளாசிக் என்று மறுபடி திறந்தார்கள். ரோக்கின் அடிப்படை அதில் கலப்பில்லாமல் தெரியும் என்பதால் அதை எடுத்துக்கொண்டேன். கில்ட் வார்ஸ் 2-இல் இதே ஆளுக்குத் தீஃப் என்று பெயர், எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் நைட்பிளேடு. பட்டன்களின் பெயர் மாறும், புத்தி ஒன்றுதான். இந்த ஆளே பழைய ஆள். மேசையில் உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 1975-இல் தீஃப் என்று சேர்த்தார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ரோக் என்ற பெயர் ஆனது.

முதலில் உங்கள் மேசையைச் சரி செய்யுங்கள்

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு சர்வர் இல்லை. நம் ஊரில் இருந்து எந்த சர்வரில் சேர்ந்தாலும் பிங் (நாம் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) கூடுதலாகத்தான் இருக்கும். எனக்கு 150 மில்லிநொடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. ரோக்குக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும், ஏனென்றால் நம் அடிகளில் பாதிக்கு எதிரியின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். திரையில் நீங்கள் பின்னால் நிற்பதாகத் தெரியும். சர்வர் கணக்கில் அந்த எதிரி அதற்குள் திரும்பியிருக்கும். பின்னால் நிற்கவில்லை என்று அடி மறுக்கப்படும். இதற்கு இரண்டு வழி உண்டு. எதிரியை ஸ்டன் செய்துவிட்டு, அதாவது அசையாமல் ஆக்கிவிட்டு, பின்னால் போவது ஒன்று. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இடத்தைவிட ஓரடி தள்ளியே போய் நிற்பது இன்னொன்று. இரண்டும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

விசைப்பலகையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அம்புக்குறி விசைகளால் திரும்புவதை விட்டுவிட்டு மவுஸால் திரும்பப் பழகுங்கள். பக்கவாட்டில் நகர்வதற்கு இரண்டு விசை வையுங்கள். ஸ்டெல்த் (மறைந்து நடப்பது), கிக் (மந்திரத்தைத் தடுக்கும் உதை), வேனிஷ் (சண்டை நடுவில் மறைவது) மூன்றும் கண்ணால் தேடாமல் விரல் போகிற இடத்தில் இருக்கட்டும். ஹெட்போன் கட்டாயம். இன்னொரு ரோக் பக்கத்தில் ஸ்டெல்த்துக்குள் போனால் அந்தச் சத்தம் கேட்கும். தறி ஓடுகிற வீட்டில் இருந்து ஆடுகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அப்புறம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் எடுக்கும் நாளை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரை டஞ்சனுக்குள் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்) கூட்டிப் போய்விட்டு நடுவில் காணாமல் போவது அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

மறைந்து நடப்பது

காங்கேயம் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலிக்கு நடுவே போகும் பாதைதான் இட்டேரி. ஒருநாள் காலையில் அந்த இட்டேரியில் ஒரு பூனை கௌதாரிக்குப் பதுங்கியதைப் பார்த்தேன். கௌதாரி குனிந்து மண்ணைக் கிளறும்போது பூனை இரண்டடி வைக்கும். தலை தூக்கினால் தூக்கிய கால் தூக்கியபடியே நிற்கும். நேராகப் போகவில்லை, வேலியோரமாகச் சுற்றி வால் பக்கம் போனது. கால்மணி நேரம் இப்படியே போனது. பாயும் தூரத்துக்கு வந்தபோது வேலிக்குள் இருந்து இன்னும் இரண்டு கௌதாரி வந்து சேர்ந்தன. பூனை ஒரு நொடி பார்த்தது. பின்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மருமகனுக்கு நான் முதலில் சொன்னது இந்தப் பூனையைத்தான். நடந்தது, நின்றது, சுற்றிப் போனது, கடைசியில் வேண்டாம் என்று திரும்பியது, நாலும் ரோக்கின் வேலை.

ஸ்டெல்த் என்றால் காணாமல் போவது இல்லை, கண்ணில் படுவதற்கான தூரம் குறைவது. எதிரியின் முன்பக்கம் போனால் சீக்கிரம் தெரியும், பின்பக்கம் போனால் ஒட்டி நிற்கலாம். உங்களைவிட 3, 4 லெவல் மேலே இருக்கும் எதிரி தொலைவிலேயே கண்டுபிடிக்கும், கீழே இருப்பது காலடியில் வந்தாலும் அறியாது. ஆரம்பத்தில் ஸ்டெல்த்தில் நடை வேகம் பாதியாகிவிடும். லெவல் ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். சண்டை தொடங்கிவிட்டால் ஸ்டெல்த்துக்குள் போக முடியாது. ஒரு சின்ன அடி பட்டாலும் கலைந்துவிடும்.

எதிரி சட்டென்று உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினால் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். புதியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் பதறி அடித்துவிடுவார்கள். அடிக்க வேண்டாம், பின்வாங்குங்கள். சில நொடியில் அது பழையபடி திரும்பிக்கொள்ளும். 22-ஆம் லெவலில் டிஸ்ட்ராக்ட் கிடைத்த பிறகு, நீங்கள் விரும்பும் பக்கம் எதிரிகளைப் பார்க்க வைத்துவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து போகலாம். பலர் இதை மறந்தே போகிறார்கள். எனக்கு ரோக்கின் பட்டன்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். உங்கள் லெவல் எதிரிகள் கூடாரம் போட்டிருக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒருத்தரையும் அடிக்காமல் உள்ளே போய், நடுவில் இருக்கும் நெருப்பைத் தொட்டுவிட்டு, வெளியே வாருங்கள். 4-ஆம் லெவலிலேயே பிக் பாக்கெட் வந்துவிடும் என்பதால், போகிற வழியில் மனித உருவ எதிரிகளின் பையில் இருந்து சில்லறையும் எடுக்கலாம். மூன்று நாள் சாயங்காலம் இதை மட்டும் செய்யுங்கள். மருமகன் முதல் நாள் ஏழு தடவை மாட்டினான், மூன்றாம் நாள் ஒரு தடவை. அதற்குள் அவன் எந்த எதிரி எந்தப் பாதையில் ரோந்து போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடிக்கும் முன் மூன்று கேள்வி

ஸ்டெல்த்தில் எதிரியின் பின்னால் நிற்கிறீர்கள். அவசரமே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இவன் கத்தினால் யார் ஓடி வருவார்கள்? ரோந்து போனவன் எப்போது திரும்புவான்? சரிப்பட்டு வராவிட்டால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன்? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அடியுங்கள். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் இன்னொரு சுற்று பாருங்கள்.

முதல் அடி எதுவென்பது எதிரியைப் பொறுத்தது. சாப் (ஆளை மயக்கிப் போடுவது) 10-ஆம் லெவலில், கரோட் (ரத்தம் கசிய வைப்பது) 14-இல், ஆம்புஷ் 18-இல், சீப் ஷாட் 26-இல் வரும். ஒரே அடியில் பெரிய சேதம் வேண்டுமென்றால் ஆம்புஷ், ஆனால் அதற்குப் பிரதான கையில் குத்துவாள் இருக்க வேண்டும். எதிரியின் கை கால்களைக் கட்டிப்போட்டு நிதானமாக அடிக்க சீப் ஷாட். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவனுக்கு சாப், மற்றவனை முடித்துவிட்டு இவனிடம் வரலாம். சாப் மனித உருவ எதிரிகளுக்குத்தான் விழும், அதுவும் அவன் சண்டையில் இல்லாதபோதுதான். கிளாசிக்கில் சாப் போட்டால் உங்கள் ஸ்டெல்த் கலைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்கென்று இருக்கும் டேலண்டில் (நாமே தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) 3 புள்ளி போட்டால் 90 சதவீத வாய்ப்பில் மறுபடி மறைந்துகொள்ளலாம்.

எனர்ஜி: கிணற்றுத் தண்ணீர் கணக்கு

மருமகனுக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பாடம்தான். ஒவ்வொரு அடிக்கும் செலவாகும் எனர்ஜி மொத்தம் 100. இரண்டு நொடிக்கு ஒருமுறை 20 ஊறும். எங்கள் காட்டுக் கிணறு மாதிரி: மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட்டினால் அடி தெரிந்துவிடும், ஊத்துத் தண்ணீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு முதலில் விடுவது என்பதை மோட்டார் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒரு சண்டையை நொடி நொடியாகப் பார்ப்போம். 100 எனர்ஜியோடு தொடங்குகிறீர்கள். சீப் ஷாட்டுக்கு 60. எதிரி 4 நொடி அசைய மாட்டான், உங்களுக்கு 2 காம்போ பாயிண்ட் (முடிக்கும் அடிக்காகச் சேர்க்கும் புள்ளி) சேர்ந்தது, கையில் இருப்பது 40. வழக்கமான அடியான சினிஸ்டர் ஸ்ட்ரைக்குக்கு 45 வேண்டும், ஐந்து குறைகிறது. முதல் ஊற்று வந்ததும் 60 ஆகிறது. இப்போது ஒரு சினிஸ்டர் ஸ்ட்ரைக், மூன்றாவது பாயிண்ட், மீதி 15. அடுத்த ஊற்றில் 35. இதற்குள் அவன் கட்டு அவிழ்ந்துவிடும் நேரம் நெருங்கிவிட்டது. இங்கே மருமகன் என்ன செய்வான் தெரியுமா? அந்த 35-ஐ, சேர்த்த பாயிண்ட்டை வைத்து முடிக்கும் அடியான எவிசரேட்டில் கொட்டிவிடுவான். கை வறண்டுபோய் நிற்கும்போது எதிரி மந்திரம் சொல்ல ஆரம்பிப்பான், தடுப்பதற்கு கிக் போட 25 எனர்ஜி இருக்காது.

எதிரி மந்திரக்காரனாக இருந்தால் 25-ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்த 25-ஐத் தொடக்கூடாது என்பதை எழுதப்படாத சட்டம் மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அடியாளாக இருந்தால் எல்லாவற்றையும் செலவழிக்கலாம்.

அதைவிட முக்கியம், சண்டையைத் தொடங்கும்போது கிணறு நிறைந்திருக்க வேண்டும். ஸ்டெல்த்தில் நிற்கும்போதும் எனர்ஜி ஊறிக்கொண்டேதான் இருக்கும். வறண்ட கிணறு முழுக்க நிறைய 10 நொடி போதும். அந்தப் பத்து நொடி நிற்கப் பொறுமையில்லாமல்தான் பாதி ரோக்குகள் சாகிறார்கள்.

காம்போ பாயிண்ட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளாசிக்கில் அந்தப் பாயிண்ட் எதிரியின் தலையில் சேருகிறது, உங்களிடம் இல்லை. பாதியில் வேறு எதிரிக்கு மாறினால் சேர்த்தது போச்சு. அதிகபட்சம் 5. எதிரி கொஞ்சத்தில் சாகப்போகிறான் என்றால் எவிசரேட். நீண்ட சண்டை என்றால் ஒன்றோ இரண்டோ பாயிண்ட் சேர்ந்ததுமே 25 எனர்ஜியில் ஸ்லைஸ் அண்ட் டைஸ் போட்டு அடியின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆயுதம் பற்றிச் சுருக்கமாக: புதியவர்கள் வாளோடு தொடங்குங்கள். பிரதான கையில் நிதானமாக வீசும், ஒவ்வொரு வீச்சும் கனமாக விழும் வாள். இடக்கையில் வேகமானது, விஷம் அடிக்கடி ஏறுவதற்கு. விஷம் தயாரிக்கும் வேலை 20-ஆம் லெவலில் ஒரு குவெஸ்ட் (ஆட்டம் தரும் பணி) மூலம் கிடைக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். குத்துவாள் பார்க்க அழகு, ஆனால் அதன் அடியான பேக்ஸ்டாப்புக்கு எப்போதும் முதுகுப் பக்கம் வேண்டும். தனியாக ஆடும்போது எதிரி உங்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே எடுங்கள்

எவேஷன் 8-ஆம் லெவலில் வரும். 15 நொடிக்கு எதிரியின் அடிகளைத் தட்டிவிடும் வாய்ப்பு 50 சதவீதம் கூடும், மறுபடி வர 5 நிமிடம் ஆகும். உயிர் கடைசிச் சொட்டுக்கு வந்த பிறகு இதைப் போட்டுப் பயனில்லை. இரண்டாவது எதிரி ஓடி வருவதைக் கண்ட நொடியே போடுங்கள். அது மந்திரத்தையும் முதுகில் விழும் அடியையும் தடுக்காது. அதனால் எல்லாரும் முன்னால் இருக்கும்படி திரும்பி நில்லுங்கள். 10-இல் வரும் ஸ்பிரிண்ட்டையும் அப்படித்தான். ஓட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் தயங்காமல் ஓடுங்கள்.

34-ஆம் லெவலில் வரும் பிளைண்ட் 10 நொடி எதிரியைத் தடுமாற வைக்கும். அந்த நேரத்தில் ஒரு பேண்டேஜ் முழுதாகக் கட்டி முடிக்கலாம், எனவே ஃபர்ஸ்ட் எய்டு கற்காமல் ரோக் ஆடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: கரோட் போன்ற ரத்தம் கசியும் அடியோ, விட்டு விட்டு எரிக்கும் விஷமோ எதிரி மேல் இருந்தால் அடுத்த துளியிலேயே பிளைண்ட் கலைந்துவிடும். எதிரியைச் சில நொடி செயலிழக்க வைக்கும் கவுஜுக்கும் இதே கதிதான்.

வேனிஷ் 22-இல். சண்டைக்கு நடுவிலேயே மறைந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிளாஷ் பவுடர் செலவாகும். பை திறந்து பவுடர் எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். மருமகன் 22 ஆன அன்றைக்கே வேனிஷ் பட்டனை எட்டுத் தடவை அழுத்தி, அது வேலை செய்யவில்லை என்று கத்தியபடியே செத்தான். பவுடர் வாங்கவே இல்லை.

கூட்டத்தோடு போகும்போது

டெட்மைன்ஸ் போன்ற முதல் டஞ்சன்களில் மனித உருவ எதிரிகள்தான் அதிகம், அதனால் சாப் தெரிந்த ரோக்கை வரவேற்பார்கள். உள்ளே நுழைவதற்கு முன்பே டேங்க்கிடம் (முன்னால் நின்று அடியைத் தாங்குபவர்) பேசிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில், “ஏனுங்ண்ணா, இடது பக்கம் மந்திரக்காரன் நிக்கறானுங்க, அவனுக்கு நான் சாப் போட்டுடறேன், நீங்க அப்புறம் இழுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். சொல்லாமல் போனால் நீங்கள் பதுங்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே யாராவது அம்பு விட்டுவிடுவார்கள். எல்லாரும் சண்டைக்குள் வந்த பிறகு சாப் விழாது.

டேங்க் எதிரிகளைத் தன் பக்கம் இழுத்து இரண்டு மூன்று நொடி ஆன பிறகு அடிக்கத் தொடங்குங்கள். எப்போதும் எதிரியின் முதுகுப் பக்கம் நில்லுங்கள், அங்கிருந்து விழும் அடியை அவன் ஆயுதத்தால் தடுக்க முடியாது. அவன் உங்கள் பக்கம் திரும்பினால், அவன் கோபத்தைக் குறைக்கும் ஃபீன்ட் போட்டுவிட்டு அடியை நிறுத்துங்கள். மந்திரத்தை கிக் போட்டுத் தடுப்பது உங்கள் பொறுப்பு என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அதைச் சரியாகச் செய்கிற ரோக்கை, கூட்டத்தைக் குணப்படுத்தும் ஹீலர்கள் மறக்க மாட்டார்கள், அடுத்த தடவை அவர்களே கூப்பிடுவார்கள்.

16-ஆம் லெவலில் பூட்டுத் திறக்கும் வித்தை கிடைக்கும். ஊரில் யாராவது பூட்டிய பெட்டியோடு நின்றால் திறந்து கொடுங்கள். காசு கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், நான் கேட்பதில்லை.

மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுவது தனிக் கட்டுரைக்கான விஷயம். இரண்டே வார்த்தை. துணிக் கவசம் போட்ட மந்திரக்காரர்கள்தான் உங்களுக்கு ஏற்றவர்கள், இரும்புக் கவசம் போட்ட வாரியரை நேருக்கு நேர் தேடிப் போகாதீர்கள். அப்புறம், உங்களைவிட இருபது லெவல் கீழே இருக்கும் ஒருவரை மறைந்து நின்று திரும்பத் திரும்பக் கொல்லாதீர்கள். ஆட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது இப்போதுதான் ஆடக் கற்கும் ஒரு சின்னப் பையனாக இருக்கலாம். நான் இதை மருமகனிடம் முதல் வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பள்ளி திறந்து அவன் கோபிக்குப் போய்விட்டான். இப்போது சனிக்கிழமை ராத்திரி மட்டும் சேர்ந்து ஆடுகிறோம். போன வாரம் கூட்டம் சேர்ந்து டஞ்சன் வாசலில் நின்றபோது, பேண்டேஜ் இருக்கிறதா, விஷம் பூசிவிட்டாயா என்று வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நான் முடிப்பதற்குள் அவனே சொன்னான்: “பவுடர் இருவது வெச்சிருக்கனுங்க மாமா. நீங்க உங்க பையைப் பாருங்க.”